சர்வேயர் கட்டிய கொடி

அடுக்களை வாசலுக்கும் அடிபம்புக்கும் நடுவே, கொல்லையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது சர்வேயரின் வெள்ளை நூல். இந்த வழியாகத்தான் புதுச் சாலை வருமாம். வீட்டில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், காலையில் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்து, இழுத்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நூல் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நாலு வயது மகளுக்கோ நெஞ்சளவு. அம்மா இடுப்பிலிருந்த கைக்குழந்தையைக் கீழே உட்காரவைத்துவிட்டு துவைத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடுக்கிறாள். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு அந்த நூலில் கிளிப் மாட்டுகிறாள். தம்பியின் ஜட்டிகள், அப்பாவின் ஒற்றைச் சாக்ஸ், கரடி போட்ட தலையணை உறை. ஈரம் சொட்டச் சொட்ட நூல் தொய்ந்து வளைகிறது.

சர்வேயர் திரும்பி வந்து, கையில் சுருட்டிய வரைபடத்தோடு நிற்கிறார். "என்னம்மா இது? கோடே கோணிப் போச்சு."

"நீங்க கேட்டுட்டா கட்டினீங்க? நானும் கேக்காம காயப்போட்டேன்."

"எப்ப எடுப்பீங்க?"

"காஞ்சதும்."

அவர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். மேகம் கப்பிக் கிடக்கிறது. மகள் தன் ஈரக் கவுனை ஏந்திக்கொண்டு அவர் காலடிக்கு வருகிறாள். "கொஞ்சம் தள்ளுங்க, மாமா." அவர் தள்ளி நிற்கிறார். கவுன் ஏறுகிறது. நூல் மண்ணைத் தொடுகிறது.

"சரி, நாளைக்கு வர்றேன்."

"வாங்க," என்றபடி அம்மா வாளியைக் கவிழ்க்கிறாள். "நாளைக்குப் போர்வை துவைக்கிற நாள்."