நாற்பது பேரும் ஒரே வார்த்தை

பூமாரி எழுதிவந்த நான்காவது புராஜெக்ட் தலைப்பையும் அடித்துவிட்டுப் பேராசிரியர் பாண்டித்துரை பேனாவை மூடினார்.

"யானை எதுக்கு ஊருக்குள்ள வருதுன்னு இன்னொரு ஆராய்ச்சியா? அதெல்லாம் பண்ணி முடிச்சாச்சு கண்ணு. ஒருத்தரும் கை வைக்காத இடைவெளியைக் கண்டுபிடி. அதுதான் ஆராய்ச்சி."

பூமாரி தலையாட்டினாள். இன்று மாலைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் புராஜெக்ட் இல்லை, டிகிரியும் இல்லை. தேயிலைத் தோட்ட ஊரான சூரியநெல்லியில் அப்பா டீயை நம்பிப் படிக்கவைத்த மூன்று வருடமும் வீண்.

"சூரியநெல்லிதானே உங்க ஊரு? நான் அங்க பண்ணின ஆய்வைப் படிச்சியா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மஞ்சள் பெயின்ட் அடிச்ச வீட்டைக் காட்டுயானை தொடாது. நாற்பது குடும்பம், நாற்பது பேரும் ஒரே வார்த்தை! எனக்கப்புறம் போன அத்தனை பேருக்கும் அதே பதில்தான் கெடச்சுது. உண்மைன்னா அப்படித்தான் இருக்கும்."

அந்த ஆய்வுக்குக் கிடைத்த பொன்னாடை, கண்ணாடி அலமாரிக்குள் நான்காக மடிந்து ஆமோதித்தது.

"எஸ்டேட் லயத்துல வீடு வீடா ஏறி எறங்குனீகளா சார்?"

"அடைமழை. எங்க பாத்தாலும் அட்டை. ஜீப் நிக்கிற எடத்துல ஒரு டீக்கடை, அங்க நாற்பது கேள்வித்தாளைக் குடுத்து, ஜனங்ககிட்ட நிரப்பி வாங்கி வைக்கச் சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டேன். காலையில பாத்தா நாற்பதும் ரெடி! எஸ்டேட் ஜனங்களுக்கு அறிவியல் மேல அவ்வளவு ஆர்வம். இப்பப் போறவங்களும் அதே கடையிலதான் குடுக்கறாங்க. நான் போட்ட பாதை."

பூமாரி தலைப்புத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த நாற்பது பேரையும் யாராச்சும் திரும்பப் போயி நேர்ல பாத்திருக்காகளா சார்?"

பாண்டித்துரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

"இடைவெளி!" என்று மேசையைத் தட்டினார். தாளை இழுத்து, 'பாண்டித்துரை ஆய்வு: ஒரு மறுபார்வை' என்று தானே தலைப்பு எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"ஆனா ஒண்ணு கண்ணு, நாற்பது பேரையும் தேடிப் பிடிக்கறதுக்குள்ள உனக்குத் தாவு தீர்ந்துடும்."

பூமாரி தாளை வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்து, பையையும் மூடிக்கொண்டாள்.

"தேட வேண்டாம் சார். அந்த டீக்கடை எங்கப்பாவோடது. நாற்பது பேரும் அவருதான்."