ஓட்டை சைக்கிளும் இங்கிலீஷும்

“அந்த ஓட்டை சைக்கிளை இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க, மிஸ்டர் வெங்கடப்பன்? பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுங்க. ம்... பதிலை இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்.”

வினிதா மேடம் கேட்டதும் கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

வெங்கடப்பனுக்குக் காது மடல் சுட்டது. “மை சைக்கிள்... மை சைக்கிள் இஸ்...” அதற்கு மேல் நாக்கு நகரவில்லை.

“போதும், உட்காருங்க. பிரேம்குமார், நீங்க சொல்லுங்க.”

பிரேம்குமார் துள்ளி எழுந்தான். “சைக்கிளிங் இஸ் குட் ஃபார் ஹெல்த். நோ பொல்யூஷன். ஐ லவ் சைக்கிளிங்!” என்று ஒப்பித்தான். அவன் வருவதோ புது பைக்கில். கடைசியாக எப்போது சைக்கிளில் ஏறினான் என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது.

“வெரி குட்!” என்றாள் வினிதா.

எல்லாம் புது பிளான்ட் மேனேஜரால் வந்த வினை. மனுஷனுக்குச் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து ஓசூர் வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். யாரை இன்டர்வியூ செய்தாலும் முதல் கேள்வி சைக்கிளைப் பற்றித்தான். அதுவும் இங்கிலீஷில். திங்கட்கிழமை லைன் லீடர் வேலைக்கு இன்டர்வியூ வைத்திருந்தார். அதற்குத்தான் எச்.ஆர். பொண்ணு வினிதா, ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு எடுத்தாள். அவள் தமிழில் கேட்டாலும் பதில் இங்கிலீஷில்தான் வரவேண்டும்.

கம்பெனிக்குத் தினமும் சைக்கிளில் வருகிற ஒரே ஆள் வெங்கடப்பன். அவன் ஒருத்தனுக்குத்தான் சைக்கிளைப் பற்றிப் பேச்சு வரவில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

இந்தத் தடவையும் அந்த வேலை கைவிட்டுப் போனால், தான் மெஷின் பழக்கிவிட்ட பிரேம்குமாரையே நாளைக்கு ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். நாற்பது வயசுக்கு மேல் அது அவனால் ஆகிற காரியமா?

ஆரம்பத்தில் அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்தது. விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர். ‘அண்ணே, அண்ணே’ என்று வாய் நிறையக் கூப்பிட்டது.

“கன்னடம் இவ்வளவு சரளமாப் பேசறீங்களே, எங்கண்ணே படிச்சீங்க?” என்றுகூட ஒருநாள் கேட்டது.

“நான் எங்க படிச்சேன்? முன்னாடி தளியிலருந்து ரோசாப்பூ ஏத்திக்கிட்டு பெங்களூரு மார்க்கெட்டுக்குப் போவேன் மேடம். மண்டிக்காரன் எடையில கைவைப்பான். அவன்கூடச் சண்டை போட்டுப் போட்டே கன்னடம் வந்துருச்சு.”

மறுநாளிலிருந்து ஆளே மாறிப்போனாள். அண்ணே போய் மிஸ்டர் வந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு இவன் சைக்கிளையே நோண்ட ஆரம்பித்தாள். பைக் வாங்க வக்கில்லாதவர்கள்தான் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

“அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்னு தெரியல” என்று வீட்டில் புலம்பினான்.

அவன் மனைவி மாதேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. “வாயை மூடிக்கிட்டு நின்னா ஏறி மிதிக்கத்தான் செய்வாங்க. நீங்களும் நாலு வார்த்தை கேக்கறதுதானே?”

“தமிழ்ல வாயைத் தொறந்தா ‘இங்கிலீஷ், இங்கிலீஷ்’னு கத்துது. நான் என்னத்தக் கேக்கறது?”

சனிக்கிழமை கடைசி வகுப்பு. வினிதா உள்ளே வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

“மிஸ்டர் வெங்கடப்பன், உங்க சைக்கிளைக் கம்பெனி கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு வாங்க. ஷெட்டுல அதைப் பார்க்கவே அசிங்கமா இருக்கு.”

அவ்வளவுதான். வெங்கடப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“வாட் அசிங்கம், மேடம்? வாட் யூ நோ அபௌட் மை சைக்கிள்?”

ஷெட் இருந்த பக்கம் கையை நீட்டினான்.

“மை வில்லேஜ், நோ கம்பெனி பஸ்! செகண்ட் ஷிஃப்ட் ஓவர், ஐ கோ ஃபாரஸ்ட் ரோடு. எலிஃபென்ட் கம்மிங்! பைக் சவுண்ட், எலிஃபென்ட் ஆங்ரி. மை சைக்கிள், டெய்லி ஐ புட் ஆயில். நோ சவுண்ட்! ஐ சீ எலிஃபென்ட். எலிஃபென்ட் நோ சீ மீ!”

பிரேம்குமார் சிரிக்கப் போனான். வெங்கடப்பன் முறைத்த முறைப்பில் வாயைப் பொத்திக்கொண்டான்.

“பஸ் ஸ்ட்ரைக் டே, ஹூ கம் டியூட்டி? ஒன்லி மீ! மை டாட்டர் ஃபீவர், ஹூ டேக் ஹாஸ்பிடல்? திஸ் சைக்கிள்! திஸ் நாட் ஓட்டை சைக்கிள், மேடம். திஸ் மை ஃபேமிலி!”

மூச்சு வாங்கியது. ஆனாலும் அடங்கவில்லை.

“யூ பிக் டிகிரி, மேடம். பட் ஹார்ட், வெரி ஸ்மால்!”

சொல்லி முடித்த பிறகுதான் யாரைச் சொன்னோம் என்பதே உறைத்தது. போச்சு! எச்.ஆர்.காரியையே எல்லார் முன்னாடியும் திட்டியாகிவிட்டது. இனி லைன் லீடர் எங்கே, இருக்கிற வேலை நிலைத்தாலே பெரிய விஷயம். சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினான்.

வினிதா அவனிடம் வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம்.

“இதுக்குத்தான் அண்ணே, அந்த மண்டிக்காரன் மாதிரி இத்தனை நாளா உங்களை வம்புக்கு இழுத்தேன். திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட இதையே அப்படியே பேசிடுங்க. கடைசியில என்னைத் திட்டினீங்க பாருங்க, அதை மட்டும் விட்டுடுங்க.”