என் கைக்குத் தெரிந்தது

மூன்று கம்பெனி டயர்களில் ஒவ்வொன்றை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். என் கடைக்கு டயர் மாற்ற வந்த பெண் குனிந்து ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார்.

விரலுக்குத் தெரியாது, உள்ளங்கையை வைத்து உடம்பு பாரத்தை இறக்க வேண்டும் என்றேன். பக்கச்சுவர் எவ்வளவு விறைப்பு என்று எந்தக் கம்பெனியும் டயரில் அச்சடிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் கைதான் அதற்குத் தராசு. இந்தத் தொழிலில் நான் பீற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

வாசலில் அவர் ஓட்டி வந்த ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டு சீட், தரையோடு தரையாக. இப்படிப்பட்ட வண்டியில் வருகிறவர்கள் வளைவில் எப்படிப் பிடித்து நிற்கும் என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, அடுத்த சிக்னல் வரைக்கும் இருபதில் ஊர்ந்து போவார்கள்.

இவர் வளைவைப் பற்றிக் கேட்கவே இல்லை. சக்கரத்துக்கு அடியில் எது போனாலும் ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரிய வேண்டும், தெரியவில்லை என்ற பேச்சே இனி இருக்கக் கூடாது என்றார்.

அப்படியென்றால் விறைப்பானதுதான் என்றேன். பக்கச்சுவர் மெத்தென்று இருந்தால் விழுகிற அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். அதற்குக் கல்லும் ஒன்றுதான், கட்டையும் ஒன்றுதான். விறைப்பானது எதையும் மறைக்காது, அப்படியே கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். இடுப்பு எலும்பு கழன்றுபோகும், அது வேறு விஷயம்.

அவர் சிரிக்கவில்லை. மூன்றில் விறைப்பானதை நீங்களே எடுங்கள் என்றார்.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழைய டயர்களைக் கழற்றினேன். தரையில் உரசும் பட்டன் அதிகம் தேயவில்லை. எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு வருஷமாக ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டி என்றார்.

முதல் டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

“இந்த வண்டி ஒரு ஆளு மேல ஏறிடுச்சுண்ணா. நிக்கவே இல்ல. பள்ளம்னு நினைச்சதா கேஸ்ல எழுதியிருக்கு. இந்த டயர்ல அப்படித் தோணுமா? உங்க கைய வச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

மழை பெய்த ஒரு சாயங்காலம் என்று ஆரம்பித்தார். தெரு முனையில் சைக்கிளோடு வழுக்கி விழுந்தவன் எழுந்திருக்கும் முன்னால் வண்டி வந்துவிட்டது. காலில்தான் ஏறியது. அப்போதே இறங்கிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். அரை மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று கோர்ட்டில் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள்.

சொல்லி முடிக்கும்வரை அந்த டயரை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு உயிர் போகக் காரணமாகிவிட்டு, தெரிந்தா போனோம் தெரியாமலா போனோம் என்று ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார், பாவம்.

கழற்றிய பழைய டயரை நிற்க வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். அசையவில்லை. முழு பாரத்தையும் போட்டு இன்னொரு முறை அழுத்தினேன்.

ஒரு வருஷம் சும்மா நின்ற ரப்பர் கொஞ்சம் இறுகும். இது அந்த இறுக்கம் இல்லை. நான் புதிதாக எடுத்து வைத்ததைவிட இது விறைப்பு. பள்ளம் எது, ஆள் எது என்று ஓட்டியவருக்குக் கை என்ன, பல்லே சொல்லியிருக்கும்.

நிமிர்ந்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்று தோன்றியது.

“இது பஞ்சு மாதிரி, மேடம். எது மேல ஏறினாலும் பள்ளம் மாதிரிதான் இருக்கும். ஓட்டினவங்க மேல தப்பே இல்ல.”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தபோது பத்து வயது குறைந்திருந்தது. பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பில் நான்கு டயரையும் மாட்டினேன், வாயில் ஒரு பாட்டு வேறு.

வண்டியில் ஏறப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“செத்தது என் தம்பிண்ணா. ஓட்டினது என் வீட்டுக்காரர். சத்தியமா தெரியலன்னு என் காலைப் பிடிச்சு அழுதாரு. நான்தான் நம்பாம வண்டியையும் எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். வாசலில் வந்து நில்லுங்கள், நானே வருகிறேன் என்று சொன்னார். ஒரு வருஷமாகப் புருஷனிடம் பேசாத குரல் என்று கேட்டாலே தெரிந்தது. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரெண்டு பேர் போற மாதிரி காத்து வச்சிடுங்கண்ணா.”

காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குனிந்தேன். நான்கு சக்கரத்துக்கும் வைத்தேன்.