பொன்னாடையின் மானம்

காலை பத்து மணிக்கு, நாற்பத்திரண்டு துணிக் கீற்றுகளோடு, மலைக்கிராமத்து மாதி தன் தறியில் ஒரு விரிப்பு நெய்யத் தொடங்கினாள். எல்லாம் ஊரார் கழித்துப் போட்ட பழந்துணி. லுங்கிக் கீற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொன்னாடைக் கீற்று வந்து விழுந்தது.

“கொஞ்சம் தள்ளிப் படுப்பா. நான் தலைவர் தோளில் கிடந்தவன்” என்றது பொன்னாடை.

“எவ்வளவு நேரம்ணே?” என்று கேட்டது லுங்கி.

“போட்டோ எடுக்கிற வரைக்கும்.”

“அடேங்கப்பா! நான் ஒருத்தர் இடுப்புல பதினோரு வருஷம் இருந்தேன். ஒருத்தனும் போட்டோ எடுக்கலை.”

“அதை விடு. விரிப்பா ஆயிட்டா நம்மை மிதிப்பாங்களாமே?”

“பின்னே, மாலையா போடுவாங்க?”

பொன்னாடைக்கு மானம் பெரிது. மாதி அடித்து இறுக்கும்போதெல்லாம் அது சரிகை வழுக்கலைச் சாக்காக வைத்து நழுவி வெளியே வந்தது. நான்காவது முறை அவள் அதை உருவியே எடுத்துவிட்டாள்.

“நீ எங்களோட ஒட்ட மாட்டே சாமி” என்று சொல்லி, தறியைத் துடைக்க வைத்துக்கொண்டாள்.

“அப்பாடா, தப்பித்தேன்” என்றது பொன்னாடை.

ஏப்ரல் 3ஆம் தேதி அந்த விரிப்பு நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிக்குள் மாட்டப்பட்டது. யாரும் தொடக்கூடாது என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.