ஒன்பதாம் பாத்தி

பிரண்டை மறுபடியும் முளைத்திருந்தது.

ஒன்பதாம் பாத்தியில், தக்காளிச் செடிகளுக்கு நடுவே, விரல் நீளத்துக்கு.

"நானும் நாலு தடவ புடுங்கிட்டேன் மேடம். விடவே மாட்டேங்குது," என்றார் ஜெயசீலன். பாத்தி இப்போது அவருடையது.

அவள் குனிந்து பிடுங்கினாள். உள்ளங்கை அரித்தது.

அதை நட்டது கனியக்கா. முட்டி வலிக்குத் துவையல் அரைக்க. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், தனியாக இருந்தாள்.

காலனிக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த நிலம் இது. பதினோரு வருஷமாக இந்த மேடம்தான் ஆட்களைச் சேர்த்துத் தோட்டமாக வைத்திருக்கிறாள். இருபது பாத்தி. கேட்டுக் காத்திருப்பவர்கள் முப்பது பேர். அதனால் ஒரு விதி போட்டாள். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராவிட்டால் பாத்தி அடுத்தவருக்கு.

பெரிய கலெக்டர் உத்தரவு!

கனியக்கா மூன்று ஞாயிறு வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலமே, எல்லோருக்கும் அனுப்பும் செய்தியைத்தான் அவளுக்கும் அனுப்பினாள். 'தாங்கள் வராததால் தங்கள் பாத்தி வேறொருவருக்கு ஒதுக்கப்படுகிறது. நன்றி.' கூடவே ஒரு கும்பிடு.

ப்ளூ டிக் உடனே வந்தது. பதில் வரவில்லை.

கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துவிட்டு வெண்டைக்குத் தண்ணீர் விடப் போனாள்.

புதன்கிழமை கனியக்கா வீட்டுக் கதவை உடைத்தார்கள். கால் வீங்கி, படி இறங்க முடியாமல் கிடந்திருக்கிறாள். உயிர் போனது திங்கட்கிழமை என்றார் டாக்டர்.

அப்படியானால் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறாள்.

இரண்டே தெரு. ஒரு எட்டு போய்ப் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பாவி, பாவி என்று இரண்டு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொள்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செய்தியை அழிக்கவும் இல்லை.

"அப்புறம் மேடம்," என்றார் ஜெயசீலன். "பதினாலாம் பாத்தி வரதராஜன் சார். இன்னியோட மூணு வாரம் ஆச்சு. என் மச்சான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். அவருக்கு மெசேஜ் போட்டுடுறீங்களா?"

வரதராஜனும் தனி ஆள்.

அவள் பிரண்டையைக் கீழே போட்டாள். கை கழுவவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பியதும் ஓடினாள்.

நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை.

மணியை அழுத்தினாள். உள்ளே சத்தமே இல்லை.

மறுபடியும் அழுத்தினாள்.

பிறகு இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். "சார்! சார்!" எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஐயோ, இந்தக் கதவையும் உடைக்க வேண்டுமா?

தாழ்ப்பாள் விலகியது.

வரதராஜன் நின்றிருந்தார். ஈரத் தலை, தோளில் துண்டு.

"குளிச்சிட்டிருந்தேன் மேடம். என்னாச்சு? ஓ, தோட்டத்துக்கு வரலன்னா? பெங்களூர்ல பேரன் பொறந்திருக்கான். போயிட்டு நேத்துதான் வந்தேன்." அவளுடைய மண் கைகளையும் இரைக்கும் மூச்சையும் பார்த்தார். "இதுக்குப் போயி நாலு மாடி ஏறி வரணுமா? ஒரு மெசேஜ் போட்டிருந்தா போதுமே."



"சும்மா... ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன், அக்கா," என்றாள்.

வரதராஜன் திரும்பித் தன் பின்னால் பார்த்தார்.