வாளிக்குள் ஒரு கொடுவா

மூடியிருந்த வாளிக்குள் கொடுவா மீன் மறுபடியும் துள்ளியது. படகுக்காரர் சட்டென்று மூடியின் மேல் காலை வைத்து, பலமாக இருமினார்.

"என்னண்ணே சத்தம்?" என்றார் தூண்டில் போட வந்திருந்த பல் டாக்டர், திரும்பிப் பார்க்காமலே.

"அடியில தண்ணி மோதுது சார். நீங்க வீசுங்க. இப்பத்தான் மீனு நடமாடுற நேரம்."

பச்சைப் பொய். அங்கே மீன் நடமாடி மூன்று வருஷமாகிறது. பெரிய கப்பல்கள் வந்து போக அடிமணலைத் தோண்டி எடுத்ததோடு மீனும் போயிற்று, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்களும் போனார்கள். மிஞ்சியது இந்தப் படகும் இவரும்தான்.

படகும் இன்று சாயங்காலம் வரைதான். கடற்கரைச் சாலை ஹோட்டல்காரர் அதை வாசலில் நிறுத்தி, மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைக்கப் போகிறாராம். மனைவி பேசி முடித்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒருத்தர் வர்றாரு. தூண்டில்காரங்க சங்கத்துல இருக்காரு, கூட இன்னும் இருபது பேராம். இவருக்கு ஒரு மீனு மாட்டிட்டா அத்தனை பேரும் வருவாங்க. படகைக் கொடுக்க வேண்டாம்" என்று காலையில் அவளிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"மாட்டுச்சுன்னா சொல்லுங்க. ஹோட்டல்காரரை நானே திருப்பி அனுப்பறேன்" என்றாள் அவள். மாட்டாது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அதனால்தான் மத்தியானம் பக்கத்து ஊர்த் துறைக்குப் போய், உயிரோடு ஒரு கொடுவாவை வாங்கி வாளியில் விட்டுக்கொண்டு வந்திருந்தார். இருபத்தெட்டு வருஷம் கடலில் கிடந்தவர் மீன் வாங்கப் போனது இதுதான் முதல் தடவை. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கையில் இருந்தது ஃப்ளை ராட் என்கிற புது மாதிரித் தூண்டில் கோல். உறையைப் பிரித்ததே இன்றைக்குத்தான். ஈயக்குண்டு கிடையாது, இரை கிடையாது. பருமனான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசி, நுனியில் பூச்சி போலக் கட்டிய சிவப்புக் குஞ்சத்தைத் தண்ணீரில் விழவைக்க வேண்டும்.

டாக்டருக்கு அது விழ மாட்டேன் என்றது. ஒரு தடவை நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொண்டது. இரண்டு தடவை படகுக்காரரின் காதிலேயே வந்து விழுந்தது.

"ஐயோ, பட்டுடுச்சாண்ணே?"

"பூ விழுந்த மாதிரிதான் சார் இருந்துச்சு. நீங்க பாட்டுக்கு வீசுங்க."

"ரொம்ப நல்ல இடம்ண்ணே. சங்கத்துல யாரைக் கேட்டாலும் உங்க இடத்தைத்தான் சொன்னாங்க."

படகுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நம் பேரைச் சொல்கிறார்களா? அவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றப் போகிறோமே என்று ஒரு நிமிஷம் மனசு குத்தியது. முதல் மீன்தான் பொய், அடுத்ததைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

வெயில் இறங்கியது. கரையில் ஹோட்டல்காரரின் லாரி வந்து நிற்பது தெரிந்தது. பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மனைவி.

"இதைக் கொஞ்சம் பிடிங்கண்ணே, தோள்பட்டை விட்டுப்போச்சு." டாக்டர் கோலை இவரிடம் நீட்டிவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. படகுக்காரர் நூலை மளமளவென்று இழுத்தார். வாளியைத் திறந்து கொடுவாவைத் தூக்கி, வாயைப் பிளந்து, தூண்டில் முள்ளைக் குத்துவதற்காகக் குஞ்சத்தைத் தடவினார்.

கம்பளி நூல்தான் விரலில் நைந்தது. முள்ளைக் காணோம். நங்கூரக் கயிற்றில் சிக்கியபோது ஒடிந்து விழுந்திருக்கும். இதுவும் என் தலையெழுத்தா என்று பல்லைக் கடித்தார்.

டாக்டர் பிஸ்கட் தாளைக் கசக்கும் சத்தம் கேட்டது. வந்தது வரட்டும் என்று குஞ்சத்தை அப்படியே மீனின் வாய்க்குள் திணித்து, வாயோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சார்! மாட்டிடுச்சு சார்! புதுக் கோலுக்கு முதல் மீனு! கைராசின்னா இதுதான் சார் கைராசி!"

டாக்டர் திரும்பினார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம், குழப்பம்தான் இருந்தது.

"எப்படிண்ணே மாட்டும்? நான் முள்ளே கட்டலையே! ஆடற படகுல நின்னு வீசிப் பழகத்தான் வந்தேன். கை பழகாம யார் காதையாவது கிழிச்சிடப் போறேன்னு வெறும் கம்பளிதான் கட்டியிருக்கேன்."

படகுக்காரரின் பிடி தளர்ந்தது. கொடுவா வழுக்கித் தண்ணீரில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, போயே போய்விட்டது.

"வீசிப் பழகறதுக்கா சார் இவ்வளவு தூரம் இந்த இடத்தைத் தேடி வந்தீங்க?" என்றார்.

டாக்டர் மீன் விழுந்த இடத்தையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க மருந்துக்குக்கூட மீன் கிடையாதுன்னு இருபது பேரும் சொன்னாங்களேண்ணே!"