வாளியைத் திறந்ததும்

மொட்டைமாடி வெயிலில் பஸ் டிரைவர் பெயின்ட் வாளியின் மூடியைத் திறக்கிறார். வேலியோரம் பிடுங்கிய காஞ்சொறி இலைகள் தண்ணீரில் ஊறிக் கரும்பச்சையாகக் கரைந்து, மேலே நுரை கட்டியிருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு மனைவிக்கு வாசனையே தெரிவதில்லை. சோறும் மண்ணும் அவளுக்கு ஒன்றுதான். அவள் கவனிக்காமல் விட்டு வெளிறிப்போன தக்காளிச் செடிகளுக்காகத்தான் இந்தக் கஷாயம். அவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு குவளை மொண்டு நிறையத் தண்ணீரில் கலக்குகிறார். துணி காயப்போட வந்தவள் சட்டென்று நின்று, கையிலிருந்த ஈரத்துணியால் மூக்கைப் பொத்துகிறாள். "ஐயய்யே, என்னங்க இது, எலி செத்த மாதிரி நாறுது!" அவர் கலக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு." அவள் துணியை மெல்ல விலக்குகிறாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுக்கிறாள்.